தென்னைக்கு வைத்திருந்த ஜாடி

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இளவட்டங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் கேட்கட்டும். ஆனால் நடுவில் செல்போனைத் தட்டிப் பார்த்து என்னைத் திருத்தக் கூடாது.

என் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் நான்கு மிளகாய் விழுதுகள் வரிசையாக நிற்கும். கொரியாக்காரர்களின் சிவப்பு டப்பா ஒன்று. தாய்லாந்து பாட்டில் ஒன்று, மூடியைத் திறந்தாலே பூண்டு மூக்கில் ஏறும். சீனத்து எண்ணெய் மிளகாய் ஒன்று. நான்காவது மலேசியா சம்பால், சின்ன பாட்டில், அதை மட்டும் கண்ணில் படும்படி முன்னால் வைத்திருக்கிறேன். தபாலாபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்திவிட்டு, பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு கடலூரில் உட்கார்ந்திருப்பவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று என் மகள் கேட்டாள். "டாக்டர் உப்பத்தான் கொறைக்கச் சொன்னாரு, ஒறைப்ப இல்ல" என்றேன். அதில் உப்பு இல்லையா என்று அவள் திருப்பிக் கேட்டபோது எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

இவற்றைத் தேடிப் பிடிப்பது லேசான வேலை இல்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நூடுல்ஸ் அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள். கடைப் பையனைக் கேட்டால் தக்காளி சாஸைக் காட்டுவான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாட்டிலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். முதலில் மிளகாய் என்று போட்டிருந்தால் எடுக்கலாம். சர்க்கரை முதலில் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள், அது ஜாமுக்குத் தங்கச்சி.

சமையலுக்கும் ஒரு பக்குவம் உண்டு. கொரியா விழுதை அப்படியே குழம்பில் போட்டுக் கெடுத்தவள் நான், அடிப்பிடித்துச் சட்டி போனது. வெந்நீரில் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, சங்கரா மீனில் தடவிச் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். தீ ஏறினால் அதில் இருக்கும் இனிப்பு கருகிவிடும். தாய்லாந்து பாட்டில் முட்டைப் பொரியலுக்கு. சீனத்து எண்ணெய் தோசைக்கு, இட்லிப் பொடியின் இடத்தில். மலேசியா சம்பால் அரை ஸ்பூன் கத்திரிக்காய் கொத்சுவில் போகும். சிதம்பரத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பைத்தியம் எனக்கு ஐந்தாம் வகுப்பில் பிடித்தது. அந்த ஒரு மழைக்காலத்தைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரைத் தாண்டி உப்பனாற்றுக்கு அந்தப்பக்கம், கடலை ஒட்டி. அப்பா கடலுக்குப் போகிறவர். அப்பாவின் தங்கை, என் அத்தை, சிதம்பரத்தில் இருந்தாள். அத்தையின் புருஷன் வடக்கே ஒரு துறைமுகத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அத்தை அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அழுது முடித்ததும் அண்ணன் வீட்டுக்கு வராமல் சிதம்பரத்துக்குப் போய் ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள் என்பது தெரியும். இரண்டு வருஷம் கழித்து, தனியாக வீடு பிடித்து, படிக்கிற பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட ஆரம்பித்தாள். போர்டு கிடையாது. ஒன்பது பிள்ளைகள் மதியமும் ராத்திரியும் வந்து கூடத்தில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஊருப் புள்ளைங்களுக்கு சோறாக்கிப் போடணும்னு எந்தங்கச்சிக்குத் தலையெழுத்தா? எங்கூட்ல சோறு இல்லியா?" என்பார். கடைசியில் ஒரு கெடு வைத்தார். பொங்கல் வரைக்கும் பார்ப்பது, அதற்குள் சரியாக நடக்கவில்லை என்றால் அத்தை மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அத்தையும் சரி என்றாள். பெண்பிள்ளை தனியாக இருக்கக் கூடாதென்று, ஒரு பெண்பிள்ளையான என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். அந்த வருஷம் நான் சிதம்பரத்தில்தான் பள்ளிக்கூடம் போனேன்.

அத்தை குடியிருந்தது ஒரு வீட்டின் பின்கட்டு. முன்கட்டில் வீட்டுக்கார அம்மாவும் அவர் கணவரும். அந்த அம்மா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று, மீன் குழம்பு வைக்கலாம், கருவாடு சுடக் கூடாது. அத்தையும் தலையாட்டிவிட்டாள். தான் கடலோரத்துக்காரி என்பதை அவள் அந்த அம்மாவிடம் சொல்லவே இல்லை. அதற்கு முன்னால் பார்த்த வீட்டில், மீன்காரர்கள் என்று தெரிந்ததும் கொடுத்த சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம். அதனால் யார் கேட்டாலும் "கடலூர் டவுனு" என்று சொல்ல வேண்டும் என்று எனக்கும் பாடம் சொல்லி வைத்திருந்தாள்.

சாப்பிட வந்த ஒன்பது பேரில் நான்கு பேர் மலேசியாவிலிருந்து படிக்க வந்தவர்கள். அந்தக் காலத்தில் சிதம்பரத்தில் அப்படி நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள், உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். நம்மைப் போலவே கறுப்பாக இருந்துகொண்டு, நம் தமிழே பேசிக்கொண்டு, வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'லா' போடுவார்கள். அவர்களில் நெட்டையாக இருந்த ஒருவரை நான் மலேசியா அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன பாட்டில் வைத்திருப்பார். சாப்பிடும்போது அதிலிருந்து சிவப்பாக ஒரு விழுதை விரல் நுனியில் எடுத்து இலையின் ஓரத்தில் வைத்துக்கொள்வார். அது அவருடைய அம்மா அரைத்துக் கொடுத்தனுப்பிய சம்பால்.

ஐப்பசியில் அந்தப் பாட்டில் தீர்ந்துபோனது. தண்ணீர் விட்டு அலசி அதையும் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் சாப்பாடு பாதியானது. குழம்பைத் தொடுவார், இலையை மூடிவிடுவார். மற்ற மூவரில் இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைப் பார்த்து உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். ஒன்பது இலை ஐந்து இலையானது. அடுக்களையில் அத்தை சோற்றுப் பானையை மாற்றிச் சின்னப் பானையை எடுத்து வைத்த அன்றைக்கு என்னைப் பார்த்து, "பொங்கலுக்கு நம்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஊருக்குப் போவோம்போல" என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவே இல்லை.

மறுநாள் அத்தை மலேசியா அண்ணனை நேராகவே கேட்டுவிட்டாள். "எஞ்சோத்துல இன்னா கொறன்னு சொல்லுங்க தம்பி. திருத்திக்கிறேன்."

அவர் பதறிப்போனார். "குறை ஒண்ணும் இல்லைக்கா. ருசியாத்தான் இருக்கு லா. ஆனா சாப்பிட்ட மாதிரியே இல்ல. எனக்கே அசிங்கமா இருக்கு சொல்ல."

"அந்தச் செவப்ப நான் அரைச்சுத் தரட்டா?"

"மிளகா இங்க இருக்குக்கா. பிளாச்சான் இல்லியே."

பிளாச்சான் என்றால் என்ன என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. கடையில் கட்டியாக விற்கும், வாங்கி வருவோம், எப்படிச் செய்கிறார்கள் என்று யார் பார்த்தது என்றார். சாயந்திரம் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். மூன்று காகிதம், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுத்த துண்டு. அதுதான் அவரிடம் மிச்சம். அதை நெருப்பில் சுட்டுத்தான் மிளகாயோடு இடிக்க வேண்டும் என்றார். அத்தை அதைக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினாள்.

அந்த வாசனை வந்ததும் எனக்குச் சட்டென்று எங்கள் வீட்டுக் கொல்லை கண்ணுக்கு முன்னால் வந்தது. "ஐயே அத்தே, அம்மா தென்னைக்குப் போட வச்சிருக்காளே, அந்தக் கூனிதானே இது!" என்று கத்தினேன். அத்தை என் வாயைப் பொத்தினாள். பொத்தினாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உண்மையில் அது அறைதான்.

கூனி என்றால் சென்னாக்கூனி. அரிசி நீளம்கூட இல்லாத பொடி இறால். அது கரையோரம் திரண்டு வரும்போது கூடை கூடையாக அள்ளுவார்கள். வெயில் அடித்தால் காயவைத்து விற்போம். மழை பிடித்துக்கொண்டால் காயாது, வீணாகிவிடும். அம்மா அதை உப்புப் போட்டு ஒரு ஜாடியில் அமுக்கி, ஆறு மாதம் மூடி வைத்துவிட்டு, கோழிக்குக் கொஞ்சமும் தென்னைக்கு மிச்சமுமாகப் போடுவாள். வெள்ளையும் பழுப்புமாக இருக்கும் ஊறுகாய் ஜாடி அது. வாய் ஓரம் உடைந்துபோனதால் ஊறுகாய் உத்தியோகத்திலிருந்து இறக்கிவிடப்பட்டுக் கொல்லைக்குப் போனது.

அன்றைக்கு அந்தத் துண்டைச் சுட்ட வாசனை முன்கட்டுக்குப் போய்விட்டது. பரணில் எலி செத்துக் கிடக்கிறது என்று வீட்டுக்கார அம்மா முடிவுகட்டினார். அவர் கணவர், பாவம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். அத்தையும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, எங்கேயோ எலிதான் செத்திருக்கும் என்று ஒத்துப் பாடினாள்.

படுக்கும்போது அத்தை கேட்டாள். "நெசமா அந்த வாசனதானாடீ?"

"நெசமா அத்தே. ஜாடியத் தொறந்தா இதே நாத்தம்தான்."

அத்தை புரண்டு படுத்தாள். பிறகு, தென்னைக்குப் போடுவதை மனுஷர் சாப்பிடுவார்களா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் சந்தையில் காய்ந்த கூனி வாங்கி வந்து வறுத்துப் பொடித்து, மிளகாயோடு அரைத்துப் பார்த்தாள். மலேசியா அண்ணன் நல்ல மனுஷர், நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு இலையை மூடினார். அது நம் வீட்டுக் கூனிப்பொடி, அவ்வளவுதான். அவர் கேட்டது அதில்லை.

சனிக்கிழமை என்னை ஊருக்கு ரயில் ஏற்றி அனுப்பினாள். "உங்கம்மாகிட்ட கேக்காத. கேட்டா எதுக்கும்பா. உங்கப்பா காதுக்குப் போவும். நைசா எடுத்தாந்துடு" என்றாள். நானும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, ஜாடியைப் பழைய சேலையில் கட்டி, பள்ளிக்கூடப் பையோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தப் பாசஞ்சர் ரயிலை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஆலப்பாக்கம் வரைக்கும் என் பக்கத்தில் ஆள் இருந்தார்கள். புதுச்சத்திரத்தில் ஓர் அம்மா தன் குழந்தையின் துணியை அவிழ்த்துப் பார்த்தார், குழந்தை ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தார். பரங்கிப்பேட்டை தாண்டியதும் அந்தப் பலகையில் நானும் ஜாடியும் மட்டும்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன், எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி.

அத்தை ஜாடியைத் திறந்தாள். மேலே காய்ந்த தோல்போல இருந்ததைச் சுரண்டி எடுத்தாள். உள்ளே கூனி கூனியாகவே இல்லை, ஊதா கலந்த பழுப்பில் களிமண்போலப் பிசுபிசுவென்று இருந்தது. ஒரு பிடி எடுத்து அம்மியில் அரைத்து, வடை தட்டி, இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். காக்கா ஓட்டுகிற வேலை எனக்கு. மூன்றாம் நாள் சந்தைக்குப் போய்ப் பழுத்த மிளகாய் கேட்டாள். காய்கறிக்காரர், "பச்ச வேணுமா, வரமிளகா வேணுமா, ரெண்டுத்துக்கும் நடுவுல எவ கேப்பா?" என்று ஒதுக்கிப் போட்டிருந்த குவியலைக் காட்டினார். நல்ல சிவப்பு, அழுத்தினால் மெத்தென்று இருந்தது. அதோடு, குளத்தோரம் மாட்டுக்குப் பிடுங்குவார்களே வள்ளைக்கீரை, அதையும் ஒரு கட்டு கொண்டுவந்தாள். அதைத்தான் மலேசியா அண்ணன் தெருவில் பார்த்து, எங்கள் ஊரில் சம்பாலில் வதக்குவோம் என்று சொல்லியிருந்தார்.

வாசலைச் சாத்திவிட்டு வடையைச் சுட்டாள். மிளகாயும் உப்பும் சுட்ட துண்டும் சேர்த்து இடித்தாள், அரைக்கவில்லை. விதை விதையாகத் தெரிய வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். எலுமிச்சை பிழிந்தாள். நான் உரலை வழித்த கையோடு கண்ணைத் துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது, முற்றத்தில் உருண்டேன். அத்தை என் தலையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "அழாத, அழாத, எரிச்சா நல்லா வந்திருக்குன்னு அர்த்தம்" என்று சிரித்தாள். இந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது.

மத்தியானம் மலேசியா அண்ணன் இலையின் ஓரத்தில் அதை வைத்தபோது அத்தை கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். சோற்றில் பிசைந்தார். வள்ளைக்கீரையை அள்ளி வைத்துக்கொண்டார். மூன்று தடவை சோறு கேட்டார். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. காரத்தால் என்று சொன்னார். நாங்களும் அப்படியே நம்பிக்கொண்டோம். விலகிப் போயிருந்த மலேசியாப் பிள்ளைகள் இரண்டு பேரும் அடுத்த வாரம் திரும்பி வந்தார்கள், கூடவே இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு. அத்தை பெரிய பானையைப் பரணிலிருந்து இறக்கினாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். நான்தான் கெடுத்தேன்.

கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போனபோது அம்மா ஜாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். தென்னைக்குக் குழி வெட்டி வைத்தாயிற்று, ஜாடியைக் காணோம். திருடன் என்றால் நல்லதைத்தானே எடுப்பான், இதை எவன் எடுப்பான் என்று மீன் அரிந்துகொண்டே புலம்பினாள். பழி எங்கள் கோழிமேல்கூட விழும்போல இருந்தது. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நான்தாம்மா எடுத்தேன். அத்த சாப்பாட்டுக்கு" என்றேன்.

"சாப்பாட்டுக்கா? அத்தையா?"

"ஆமா. தெனமும் சாப்பாட்டுக்கு அதான்."

சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அதை அம்மா எப்படிக் கேட்டாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. மீன் அரிந்துகொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டாள். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை.

நான் சிதம்பரம் திரும்பிய இரண்டாம் நாள் மத்தியானம். கூடத்தில் பத்து இலை. வாசலில் அப்பா வந்து நின்றார். துக்க வீட்டுக்குப் போகும்போது கட்டுகிற வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். உள்ளே வரவில்லை.

"கெளம்பு. துணிமணிய எடுத்துக்க" என்றார் அத்தையிடம்.

"இன்னாண்ணே? யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கு ஆவணும்? தென்னைக்கு வச்சிருந்த கூனியத் தின்னுக்கிட்டு உசுரு பொழைக்கிறியே, ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக் கூடாதா? நாங்கள்லாம் செத்தா பூட்டோம்?"

அப்பா பேசுவதே கடல் இரைச்சலுக்கு மேலே கேட்கிற மாதிரிதான். தெரு முழுக்கக் கேட்டது. சொல்லி முடிக்கும்போது அவர் குரல் உடைந்து அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் வாயால்தானே இது வந்தது என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

மலேசியா அண்ணன் எச்சில் கையோடு எழுந்து வந்தார். "ஐயா, அது அக்காவுக்கு இல்ல, எங்களுக்கு. நாங்கதான் செய்யச் சொன்னோம். எங்க ஊருச் சாப்பாடு அது."

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பேன்ட்டு, கைக்கடிகாரம், எண்ணெய் போட்டு வாரிய தலை. பிறகு அத்தையைப் பார்த்தார். இப்போது அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. "அடிப்பாவி, படிக்கிற புள்ளைங்களுக்கா போட்ட? தென்னைக்குப் போடுறதயா?"

இதற்குள் வீட்டுக்கார அம்மா முன்கட்டிலிருந்து வந்து நின்றார். அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் தலையை நிமிர்த்திக்கொண்டு அவரிடம் சொன்னாள். "நாங்க கடலோரத்து ஆளுங்கதாம்மா. இவரு எங்கண்ணன். மீன் புடிக்கிறவரு. உங்ககிட்ட மறைச்சது என் தப்பு."

அந்த அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "அப்ப எலி சாகல?" என்றார். "மூணு தடவை பரண்ல ஏறி எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு. மீன் கழுவுன தண்ணிய என் மல்லிச் செடிக்கு ஊத்துனியே, மொத மாசமே தெரியும் எனக்கு நீ எந்த ஊருன்னு. அதுக்கென்ன? சுடுறதா இருந்தா கொல்லையில கெணத்தாண்ட சுடு. சொல்லிட்டு சுடு."

யாரோ ஒரு பிள்ளை சிரித்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. "அதெல்லாம் வாணாம். நீ கெளம்பு" என்றார் மறுபடியும்.

"நான் வரலண்ணே" என்றாள் அத்தை. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. "பொங்கலுக்கும் வரல. பாக்க வருவேன், தங்க வரமாட்டேன். எல போடுறேன், ஒக்காரு. சாப்பிட்டுட்டு அப்புறம் என்னத் திட்டு."

அப்பா பத்து இலையையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பதினோராவது இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பிள்ளைகள் எல்லோரும் தங்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். அத்தை இலையின் ஓரத்தில் சம்பாலை வைத்தாள். அப்பா அதைக் குனிந்து மோந்தார். தன் கொல்லை வாசனை அவருக்குத் தெரியாதா? விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். காது இரண்டும் சிவந்தன. கண் கலங்கியது. ஒரு வாய் சோற்றில் பிசைந்து விழுங்கினார். இன்னொரு வாய். அத்தை கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"உப்பு பத்தல" என்றார் அப்பா.

அத்தை உப்பு எடுக்கத் திரும்பினாள்.

"உங்க அண்ணி தென்னைக்குன்னு போட்டது, ஏனோதானோன்னு போட்டிருக்கா. மனுசன் திங்கிறதுன்னா கணக்கா போடணும். மண்ணு இல்லாம அரிக்கணும். அடுத்த தடவ கூனி வரட்டும், நானே போட்டுத் தரேன்." பிறகு நிமிராமலே, "சோறு வை" என்றார்.

அத்தை சோறு வைத்தாள். அவசரத்தில் இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. அப்பா அதையும் பொறுக்கி இலையில் போட்டுக்கொண்டார்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அப்பாவைப் பிடிவாதக்காரர், தங்கையைத் தன் காலில் நிற்க விடாதவர் என்றுதான் நான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கை பட்டினி கிடக்கிறாள் என்று நினைத்துப் பயந்துபோன மனுஷர் அவர். பயத்தை அதட்டலாக மட்டுமே காட்டத் தெரிந்தவர். அத்தையும் அவரைத் தப்பாகத்தான் எடை போட்டிருந்தாள். கேட்டிருந்தால் ஜாடி என்ன, கூடையோடு கொண்டுவந்து இறக்கியிருப்பார். அவளுக்குக் கேட்க வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூனிப் பருவத்திலும் அப்பா நல்ல குவியலாகப் பார்த்து ஒதுக்குவார். கடல் தண்ணீரில் அரித்து, உப்பைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டு, அதே உடைந்த வாய் ஜாடியில் அமுக்கி, துணி கட்டிக் கொடுப்பார். ரயிலில் எடுத்துப் போகிற வேலை எனக்கு. தென்னைக்குச் சாம்பலோடு சரி. அத்தை சிதம்பரத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சமைத்தாள். மலேசியா அண்ணன் படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனார். ஒரு வருஷம் அங்கிருந்து கடைப் பிளாச்சான் கட்டி பார்சலில் வந்தது. அத்தை மோந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, ஆனா இது எங்கண்ணன் ஜாடி இல்ல" என்று எடுத்து வைத்தாள்.

அந்த ஜாடி இப்போது இல்லை. ஒரு மழை வெள்ளத்தில் எங்கள் கொல்லைச் சுவரோடு போய்விட்டது. அதற்கு முந்தின வருஷம் அப்பா போய்ச் சேர்ந்திருந்தார்.

அத்தை இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டது, பல் இல்லை, நாக்கு நன்றாக இருக்கிறது, இரண்டு வகையிலும். போன மாதம் என் நான்கு பாட்டில்களையும் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் யாரும் எழுந்து போகவில்லை, எல்லாம் அவ்வளவு இறுக்கமான மூடி. அத்தை முன்னால் நான்கையும் வரிசையாக வைத்தேன்.

"இன்னாடி இது, மருந்துக் கடையா?"

"ஊர் ஊரு மொளகா அத்தே. ருசி பாத்துச் சொல்லு."

ஒவ்வொன்றாக விரலில் தொட்டாள். கொரியாவுக்கு "இனிப்பு ஜாஸ்தி" என்றாள். தாய்லாந்தைப் பாவம் என்று விட்டுவிட்டாள். சீனத்து எண்ணெயை இரண்டு தடவை தொட்டாள், பிடித்திருக்கிறது, சொல்ல மாட்டாள். மலேசியா சம்பாலைத் தொட்டு நாக்கில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து அடுக்களைக்குப் போய், உப்பு டப்பாவை எடுத்து வந்தாள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சம்பாலை வழித்துப் போட்டு, உப்பை இரண்டு விரலால் எடுத்துத் தூவி, விரலாலேயே கலக்கி, மறுபடியும் ருசி பார்த்தாள்.

"ம். இப்ப உங்கப்பா சாப்புடுவாரு" என்றாள்.

நான் தோசைக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன்.